‘பால் பத்தலையா?’ ‘ஏன் அழுவுது?’... புது அம்மாவின் நம்பிக்கை உடைவது எங்கே? எப்போது உதவி கேட்கணும்?

குழந்தை பிறந்த வீட்டுக்குப் பார்க்கப் போகிறவர்கள் கையில் பழம், பிஸ்கட், பேபி சோப்பு செட் என ஏதாவது ஒன்று இருக்கும். கூடவே கேள்விகளும் இருக்கும். “பால் பத்துதாம்மா?” அடுத்தது, “ஏன் இப்படி அழுவுது?” அதற்கும் அடுத்தது, “போன வாரம் பார்த்ததுக்கு இளைச்ச மாதிரி இருக்கே?”

கேட்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரம் தூங்கி ஒரு வாரமான பெண்ணிடம், ஒரே நாளில் நாலு பேர் இதைக் கேட்டால் என்ன ஆகும்? ராத்திரி அவரே தன்னைக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்துவிடுவார். ‘எல்லாருக்கும் வர்றது நமக்கு மட்டும் வரலையோ?’

தமிழ்நாட்டில் பிரசவம் என்பது இன்றைக்குப் பெரும்பாலும் மருத்துவமனை விஷயம். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. 44.9 சதவீதம் சிசேரியன். கர்ப்ப காலம் முழுக்க எடை, பிரஷர், ரத்த அளவு, ஸ்கேன் என்று எல்லாம் பார்க்கப்படுகிறது. குழந்தை வெளியே வந்ததும் எல்லோருடைய கண்ணும் குழந்தை மேல் போய்விடுகிறது. “நீ தூங்கினியா? மனசு எப்படி இருக்கு?” என்று அம்மாவைக் கேட்பது பல வீடுகளில் நடப்பதே இல்லை.

‘என் குழந்தையை என்னால் பார்த்துக்கொள்ள முடியும்’ என்ற எண்ணத்தைத்தான் உளவியலில் பெற்றோர் தன்னம்பிக்கை என்கிறார்கள். அது எப்படி உருவாகிறது, எங்கே உடைகிறது, சாதாரண அலுப்புக்கும் நோய்க்கும் எங்கே கோடு, உதவி எங்கே கிடைக்கும் என்று விரிவாகப் பார்க்கலாம்.

பெத்தவுடனே வந்துவிடுமா?

‘தாய்மை என்பது பெண்ணுக்குத் தானாக வரும்’ என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்துவிட்டோம். பாசம் வேண்டுமானால் வரலாம். அதுவும்கூட சிலருக்கு முதல் நாளே வராது, கொஞ்ச நாள் எடுக்கும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கழுத்து நிற்காத குழந்தையைத் தூக்குவது, சரியாக மார்பில் பிடிக்க வைப்பது, எந்த அழுகை பசி, எந்த அழுகை தூக்கம் என்று கண்டுபிடிப்பது எல்லாம் பழக்கம். செய்து செய்துதான் வரும்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் முன்வைத்த கோட்பாடு இதைத்தான் சொல்கிறது. ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் நான்கு வழிகளில் வருகிறது. நாமே ஒன்றைச் செய்து பார்த்து ஜெயிப்பது முதல் வழி. அதுதான் ரொம்ப வலுவானது. நம்மைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது இரண்டாவது. சுற்றியிருப்பவர்கள் சொல்லும் வார்த்தை மூன்றாவது. நம் உடம்பும் மனசும் அந்த நேரத்தில் இருக்கிற நிலை நான்காவது.

இந்த நான்கையும் ஒரு புது அம்மாவோடு பொருத்திப் பாருங்கள். உடம்பு, தையல் வலியும் தூக்கமின்மையுமாகக் கிடக்கிறது. காதில் விழும் வார்த்தை பெரும்பாலும் ‘அப்படிப் பிடிக்காதே, இப்படிப் பிடி’. பார்ப்பதற்கு இருக்கும் ‘இன்னொரு அம்மா’ ரீல்ஸில் வருபவர். அவர் வீட்டில் துணி மடித்திருக்கிறது, குழந்தை சிரிக்கிறது, அவர் தலையும் வாரியிருக்கிறது. அந்த முப்பது விநாடிக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. மிச்சம் இருப்பது தானே செய்து பார்ப்பது ஒன்றுதான். நிறைய வீடுகளில் அதற்கும் வாய்ப்பு கிடைப்பதில்லை.

இந்தத் தன்னம்பிக்கையை அளக்கக் கேள்வித்தாள்களே இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உருவான ‘கரிட்டானே’ அளவுகோல் அதில் ஒன்று. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கானது, 15 கேள்விகள், 2008-ல் வெளியானது. பால் கொடுப்பது, தூங்க வைப்பது, அழுகையை அமர்த்துவது பற்றியெல்லாம் அதில் கேட்கிறார்கள். சுவாரஸ்யமான விஷயம் என்னவென்றால், ‘தேவைப்படும்போது உங்கள் துணைவர் கூட இருப்பாரா?’, ‘மற்றவர்கள் உங்களை நல்ல பெற்றோர் என்று நினைக்கிறார்களா?’ என்ற பொருளிலும் கேள்விகள் வருகின்றன. அதாவது தன்னம்பிக்கை என்று பெயர் இருந்தாலும், அதில் ஒரு பங்கு வீட்டில் இருக்கும் மற்றவர்கள் கையில்தான் இருக்கிறது.

குழந்தையை வாங்கிக்கிற உதவி, பாத்திரத்தை வாங்கிக்கிற உதவி

நம்ம ஊரில் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது பெரிய வரம். பத்தியச் சாப்பாடு, பிரசவ லேகியம், குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டி என்று ஒரு ஏற்பாடே இருக்கிறது. தனிக்குடித்தனமாக வெளிநாட்டில் பிள்ளை பெற்றுக்கொண்டவர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும்.

ஆனால் இதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. குளிப்பாட்டுவது பாட்டி, தூங்க வைப்பது அம்மா, அழுதால் ஓடி வந்து தூக்குவது சித்தி. ‘நீ விடு, உனக்குத் தெரியாது, நான் பாத்துக்குறேன்.’ பெற்றவருக்கு மிஞ்சுவது பால் கொடுக்கும் வேலை மட்டும். அன்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குக் குழந்தையோடு திரும்பும்போது, அந்தப் பெண் தன் குழந்தையைத் தனியாக ஒரு தடவைகூடக் குளிப்பாட்டியிருக்க மாட்டார். புது இடம், புது படுக்கை; குழந்தை அழும். சுற்றி இருக்கும் முகங்களும் மாறியிருக்கும். அந்த நேரத்தில் ‘உங்க அம்மா வீட்ல எதுவும் சொல்லித் தரலையா?’ என்று ஒரு வார்த்தை வந்தால் போதும்.

அதனால் உதவி செய்கிறவர்கள் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். அம்மா தூங்கவும் குளிக்கவும் சாப்பிடவும் வேண்டிய நேரத்தில் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற நேரத்தில் குழந்தையை அவரிடமே விட்டுவிட்டு, பாத்திரத்தையும் துணியையும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் தடவை குளிப்பாட்டும்போது சோப்பு கண்ணில் படலாம். பக்கத்தில் நில்லுங்கள், பிடுங்க வேண்டாம். நாலாவது தடவை அவரே செய்துவிடுவார். அந்த நாலாவது தடவைதான் பண்டூரா சொன்ன முதல் வழி.

‘பால் பத்தல’ - எப்படித் தெரியும்?

புது அம்மாக்களின் நம்பிக்கை முதலில் ஆட்டம் காண்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தாய்ப்பால் எவ்வளவு போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பாட்டிலில் கோடு இருக்கிறது, மார்பில் கோடு இல்லை. அதனால் குழந்தை அழுதாலே ‘பால் இல்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பம்ப் வைத்து எடுத்துப் பார்த்து, ‘இவ்வளவுதான் வருதா’ என்று அழுகிற அம்மாக்களும் உண்டு. பம்ப்பில் வருவதை வைத்துக் குழந்தை குடிப்பதைக் கணக்கிட முடியாது. குழந்தை உறிஞ்சுவது வேறு, இயந்திரம் இழுப்பது வேறு.

சரியான கணக்கு குழந்தையின் ஈரத் துணியிலும் எடை அட்டையிலும் இருக்கிறது. ஐந்தாவது நாளுக்குப் பிறகு, 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா? அப்படியென்றால் பால் போகிறது என்று அர்த்தம். பிறந்த முதல் சில நாட்களில் எடை குறைவது சகஜம். பத்து சதவீதம் வரை குறையலாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு முதல் மூன்று மாதங்களில் ஒரு நாளைக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். இந்தக் கணக்கு சரியாக இருந்தால், பக்கத்து வீட்டுக் குழந்தை குண்டாக இருப்பதைப் பார்த்து மனசை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கணக்கு சரியில்லை என்றால் உடனே டாக்டரைப் பார்க்கணும். அது தோல்வி இல்லை. பெரும்பாலும் குழந்தை மார்பைப் பிடிக்கும் விதத்தைச் சரிசெய்தாலே நிலைமை மாறும்.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. ‘பத்தல’ என்று சொல்லிப் புட்டிப்பால் கொடுக்க ஆரம்பிக்கிறார்கள். வயிறு நிறைந்த குழந்தை மார்பைக் குறைவாகத்தான் உறிஞ்சும். உறிஞ்சுவது குறைந்தால் சுரப்பதும் குறையும். ஒரே வாரத்தில் நிஜமாகவே பால் குறைந்துவிடும். ‘பாத்தியா, நான் அன்னைக்கே சொன்னேன்’ என்று வீட்டில் ஒருவர் சொல்வார். அந்தப் பெண்ணும் அதை நம்பிவிடுவார்.

(மருத்துவக் காரணத்துக்காகப் பவுடர் பால் கொடுக்க வேண்டிய சூழ்நிலை சிலருக்கு வரும். டாக்டர் சொல்லிக் கொடுப்பவர்கள் குற்ற உணர்ச்சிப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் முதல் ஆறு மாதத்துக்குத் தேன், சர்க்கரைத் தண்ணீர், வெறும் தண்ணீர் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரைக்கும் கூடாது.)

ஆறாவது வாரம்தான் உச்சம்

அழுகைக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன், ஆரோக்கியமான குழந்தைகள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் அழுகின்றன என்று தாய்மார்களைக் குறித்து வைக்கச் சொல்லி 1962-ல் வெளியிட்டார். இரண்டாவது வாரத்திலிருந்து அழுகை ஏறுகிறது. ஆறாவது வாரம் உச்சம். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம். பிறகு இறங்க ஆரம்பித்து, மூன்று நான்கு மாதத்தில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதிலும் சாயங்கால நேரத்தில்தான் அதிகம். எந்த நோயும் இல்லாத, நன்றாகப் பால் குடிக்கிற குழந்தைகளின் கணக்கு இது.

அதாவது ஆறாவது வாரத்தில், விளக்கு வைக்கிற நேரத்தில், என்ன செய்தும் நிற்காமல் அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு அம்மா நிற்கிறார் என்றால், அவர் எதையோ தப்பாகச் செய்கிறார் என்று அர்த்தமில்லை. குழந்தைக்கு ஆறு வாரம் ஆகிறது என்றுதான் அர்த்தம்.

பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, காற்று வருகிறது, தோளில் போட்டு நடந்தும் பார்த்தாயிற்று, இன்னும் நிற்கவில்லை. உங்களுக்குக் கோபம் தலைக்கு ஏறுகிறது, கை நடுங்குகிறது. அப்படி ஒரு நிமிடம் வந்தால் குழந்தையைச் சமமான, பாதுகாப்பான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, வெளியே வந்து பத்து நிமிடம் உட்காருங்கள். யாரையாவது கூப்பிடுங்கள். பத்து நிமிடம் தனியாக அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஆத்திரத்தில் ஒரு தடவை பிடித்து உலுக்கினால் மூளையில் ரத்தக் கசிவு வரைக்கும் போகலாம். அப்பா, பாட்டி, வேலைக்கு வரும் அக்கா என்று குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கணும்.

அழுகையோடு வேறு ஏதாவது இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, வேகமாக மூச்சு வாங்குவது, பச்சையாக வாந்தி எடுப்பது - இதில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனை.

குழந்தையின் எல்லாத் தேவையையும் உடனுக்குடன் புரிந்துகொள்கிற அம்மா என்று ஒருவர் உலகத்தில் இல்லை. உளவியலாளர் எட்வர்ட் டிரானிக், அம்மாவும் கைக்குழந்தையும் முகம் பார்த்து விளையாடுவதை வீடியோ எடுத்து, நொடி நொடியாகப் பிரித்துப் பார்த்தார். நல்ல உறவில் இருக்கும் ஜோடிகள்கூட ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவது மொத்த நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மற்ற நேரமெல்லாம் குழந்தை ஒன்று கேட்க, அம்மா வேறொன்று செய்ய, பிறகு இருவரும் சரிசெய்துகொள்கிறார்கள். அந்தச் சரிசெய்துகொள்வதில்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது என்பது அவர் முடிவு. பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் டொனால்ட் வின்னிகாட் அதற்கும் முன்பே, குழந்தைக்குக் குறையே இல்லாத அம்மா தேவையில்லை, போதுமான அளவுக்கு நல்ல அம்மா இருந்தால் போதும் என்று எழுதியவர்.

ஆனால் சமூக வலைதளத்தில் நிலைமை வேறு. ஒரு குழந்தை தவறி விழும் சிசிடிவி காட்சி வைரலானால், கீழே முதலில் வரும் கமென்ட், ‘அம்மா எங்க போனாங்க?’ ‘அப்பா எங்க போனார்?’ என்று கேட்பவரைத் தேடித்தான் பிடிக்கணும்.

அலுப்பா? நோயா?

குழந்தை பிறந்த இரண்டாம், மூன்றாம் நாளில் காரணமே இல்லாமல் அழுகை வருவது, எரிச்சல் வருவது, ஒரு நிமிடம் சிரிப்பு அடுத்த நிமிடம் கண்ணீர் என்று இருப்பது பாதிக்கும் மேற்பட்ட அம்மாக்களுக்கு வருவதுதான். ஹார்மோன்கள் சட்டென்று இறங்குவதும் தூக்கமின்மையும் இதற்குக் காரணம். ‘பேபி புளூஸ்’ என்பார்கள். இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். மருந்து வேண்டாம், தூக்கமும் ஆறுதலும் போதும்.

இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் அது வேறு. எதிலும் பிடிப்பில்லை. குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வரவில்லை. பசிக்கவில்லை. ‘நான் மோசமான அம்மா’ என்ற எண்ணம் நாள் முழுக்க ஓடுகிறது. குழந்தையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது, அல்லது எந்த உணர்ச்சியும் வரவில்லை. இது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். இந்த இடத்தில் நம்பிக்கைக் குறைவும் நோயும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். மனச்சோர்வு வந்தவருக்குத் தான் எதையும் சரியாகச் செய்யவில்லை என்றே தோன்றும். செய்யவில்லை என்று தோன்றத் தோன்றச் சோர்வு கூடும்.

எத்தனை பேருக்கு வருகிறது? இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை, 20,043 பெண்களின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு ஒன்று 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது. 22 சதவீதம் என்றது அது. ஐந்து பேரில் ஒருவருக்கு மேல்.

நம் மாநிலத்திலேயே ஒரு முக்கியமான ஆய்வு உண்டு. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள், கிராமப்புறத்தைச் சேர்ந்த 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்திலும், பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள்ளும் சந்தித்தார்கள். முடிவு 2002-ல் வெளியானது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். எண்ணிக்கையைவிட, யாருக்கு வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. வருமானம் குறைந்த வீடு. ஆண் குழந்தையை எதிர்பார்த்துப் பெண் குழந்தை பிறந்தது. மாமியாரோடும் சொந்தப் பெற்றோரோடும் உறவு சரியில்லாதது. கர்ப்ப காலத்தில் நடந்த கெட்ட சம்பவங்கள். கூடமாட உதவிக்கு ஆள் இல்லாதது. இந்தப் பட்டியலில் எத்தனை விஷயம் அந்தப் பெண்ணின் கையில் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

கண்டுபிடிக்க ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ வேண்டாம். எடின்பரோ அளவுகோல் என்று பத்தே கேள்விகள் கொண்ட தாள் 1987 முதல் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. கடந்த ஏழு நாளில் மனசு எப்படி இருந்தது என்று கேட்கும். மொத்தம் 30 மதிப்பெண். 10-லிருந்து 13-க்குள் ஏதாவது ஒரு எண்ணைக் கோடாக வைத்து, அதற்கு மேல் போனால் டாக்டர் விரிவாகப் பேசிப் பார்ப்பார். தமிழிலும் இது மொழிபெயர்க்கப்பட்டு, சரிபார்க்கப்பட்டிருக்கிறது. கடைசிக் கேள்வி தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், அதற்கு ‘ஆமாம்’ என்றால் தாமதிக்கக் கூடாது.

மூன்றாவது வகை அரிது; ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். ஆனால் அவசரம். பிரசவமான சில நாட்களில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாமல் பேசுவது, இல்லாத குரல் கேட்பது, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நம்புவது. ‘காத்து கருப்பு’ என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போய் நாளைக் கடத்துவது இந்த நேரத்தில்தான் நடக்கிறது. இந்த அறிகுறி இருந்தால் அம்மாவையும் குழந்தையையும் தனியாக விடாமல், அன்றைக்கே மனநல மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குப் போகணும்.

அப்பாவுக்கும் வருமா?

வரும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரை, பத்தில் ஒரு அப்பாவுக்கு மனச்சோர்வு வருகிறது என்றது. அதிகமாகத் தெரிந்தது குழந்தையின் மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் நடுவில். ஆண்களுக்கு இது அழுகையாக வெளியே வருவதைவிட எரிச்சலாக, குடியாக, ‘ஆபீஸ்ல வேலை இருக்கு’ என்று வீட்டுக்கு லேட்டாக வருவதாக வெளிப்படுவது அதிகம்.

தாய் வீட்டு வழக்கத்தில் அப்பா வார இறுதி விருந்தாளி ஆகிவிடுகிறார். சனிக்கிழமை வந்து, குழந்தையைக் கையில் வாங்கிப் போட்டோ எடுத்து, அழுதால் திருப்பிக் கொடுத்து, ஞாயிறு ராத்திரி பஸ் ஏறினால் அவருக்கு மட்டும் எங்கிருந்து நம்பிக்கை வரும்? அம்மாவுக்குச் சொன்ன அதே விதிதான் அவருக்கும். துணி மாற்றட்டும், ஏப்பம் விட வைக்கட்டும், ராத்திரி ஒரு முறை எழுந்து தோளில் போட்டு நடக்கட்டும். அம்மா சேர்ந்தாற்போல நாலைந்து மணி நேரம் தூங்கினால், மாத்திரையால் வராத தெளிவுகூடச் சிலருக்கு வருகிறது.

பாட்டிகளையும் மறந்துவிடக் கூடாது. மகள் வேலைக்குத் திரும்பியதும் அறுபது வயதில், முட்டி வலியோடு, தவழும் குழந்தையின் பின்னால் ஓடுகிறவர் அவர்தான். ‘அவங்களுக்குப் பேரப்பிள்ளைன்னா உயிரு’ என்று சொல்லி அவர் களைப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 12 வாரமாக இருந்த விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாடு அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். மத்திய அரசில் வேலை செய்யும் அப்பாக்களுக்கு 15 நாள். தனியார் நிறுவன அப்பாவுக்கு, கம்பெனி மனசு வைத்தால் உண்டு. கட்டட வேலை, வீட்டு வேலை, தினக்கூலி பார்க்கிறவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி, தகுதி இருந்தால் தவணையாகக் கிடைக்கிறது. குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக இடம் கிடைப்பதில்லை.

சிகிச்சை எப்படி இருக்கும்?

எல்லோருக்கும் மாத்திரைதான் என்று பயப்பட வேண்டாம். லேசான, நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்குப் பேச்சு சிகிச்சையே நன்றாக வேலை செய்கிறது. அதைச் செய்ய மனநல மருத்துவரேதான் வேண்டும் என்றில்லை. இதற்குப் பெரிய உதாரணம் பாகிஸ்தானின் கிராமங்கள். அங்கே மனநல மருத்துவர் அதிப் ரஹ்மான் குழுவினர், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பெண் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தாயின் மனசு, குழந்தையோடு உறவு, சுற்றியிருப்பவர்களின் ஆதரவு ஆகிய மூன்றையும் பற்றிப் பேசிப் பேசி, சின்னச் சின்ன வேலைகளைச் செய்ய வைப்பதுதான் முறை. மனச்சோர்வில் இருந்த 903 தாய்மார்கள் இதில் கலந்துகொண்டார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு, வழக்கமான வருகை மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதம் பேருக்குச் சோர்வு இருந்தது. இந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 23 சதவீதம்தான். 2008-ல் லான்செட் இதழில் வந்த இந்த முறையை, பின்னர் உலக சுகாதார நிறுவனமே கையேடாக வெளியிட்டது. கோவாவில் இதையே அக்கம்பக்கத்துப் பெண்களை வைத்துச் செய்து பார்த்தார்கள்.

மாத்திரை தேவைப்பட்டாலும், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. ‘பாலை நிறுத்தணும்னு சொல்லிடுவாங்க’ என்று பயந்து டாக்டரிடம் போகாமல் இருக்க வேண்டியதில்லை. ‘நான் பால் கொடுக்கிறேன்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தானாக ஆரம்பிப்பதும், தானாக நிறுத்துவதும் கூடாது. நிலைமை தீவிரமானால், அம்மாவையும் குழந்தையையும் பிரிக்காமல் ஒன்றாகவே அனுமதிக்கும் வார்டு பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2009 முதல் இயங்குகிறது.

யாரிடம் கேட்பது?

மருத்துவமனையில் பிரசவமானவர்களைச் சுகாதாரப் பணியாளர் 3, 7, 14, 21, 28, 42-வது நாட்களில் வீட்டில் வந்து பார்க்க வேண்டும் என்பது தேசிய சுகாதார இயக்கத்தின் விதி. அதற்குப் பிறகு 3, 6, 9, 12, 15-வது மாதங்களிலும் வருகை உண்டு. அம்மா வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் நடுவில் ஊர் மாறும்போது இது விட்டுப்போக வாய்ப்பு அதிகம். ஊர் மாறினால், புது ஊரின் கிராம சுகாதார செவிலியரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுவது நல்லது.

வீட்டுக்கு யாரும் வரவில்லை என்றாலும் 6, 10, 14-வது வாரங்களில் தடுப்பூசிக்கு எப்படியும் போகத்தான் போகிறீர்கள். குழந்தைக்கு எடை பார்க்கும்போது, ‘எனக்கும் ஒண்ணு சொல்லணும் சிஸ்டர்’ என்று ஆரம்பிக்கலாம். அழைத்துப் போகிறவரே அதைக் கேட்டால் இன்னும் நல்லது.

வெளியே போக முடியாதவர்களுக்கு டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416 இருக்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் செயல்படுகிறது. 24 மணி நேரமும் பேசலாம், தமிழைத் தேர்வு செய்துகொள்ளலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் உதவி கிடைக்கும். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால், அந்த நிமிடமே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு இந்த எண்களை அழையுங்கள், அல்லது பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆம்புலன்ஸ் தேவை என்றால் 108.

போனில் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. ‘குழந்தை பொறந்து இத்தனை வாரம் ஆச்சு, தூக்கம் வரல, மனசு சரியில்ல’ என்றால் போதும், மற்றதை அவர்களே கேட்டுக்கொள்வார்கள். அவரால் பேச முடியவில்லை என்றால், கணவரோ அம்மாவோ மாமியாரோகூட அழைத்துக் கேட்கலாம்.